தலையில் ஊசி போட்டால் முடி வருமா?

தோல், முடி, நகம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மதுரையிலிருந்து ஒரு தோல் மருத்துவர் பதில் எழுதுகிறார்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பி.ஆர்.பி., அதாவது நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்துத் தலையில் போடும் ஊசி. அதனால் படை, தேமல், காலாணி எல்லாம் அடுத்த மாதத்துக்கு. கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மூன்று வருடமாக நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியிலும் மண்டை தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் வழுக்கை. தை மாதம் எனக்குக் கல்யாணம். இங்கே ஒரு கிளினிக்கில், என் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவார்களாம், ஆறு முறை போட்டால் பழைய முடி திரும்பிவிடும் என்கிறார்கள். மொத்தம் 48,000 ரூபாய், இன்றே கட்டினால் 42,000. நிஜமாகவே இது வேலை செய்யுமா டாக்டர்? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, ‘இன்றே கட்டினால்’ என்று சொன்ன நிமிடமே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி துணிக்குச் சரி, மண்டைக்கு எதற்கு?

ஆனால் சிகிச்சையே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வருடமாக என் கிளினிக்கிலும் அது நடக்கிறது. யாருக்குப் போடுகிறேன், யாரைத் திருப்பி அனுப்புகிறேன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பிளேட்லெட் என்ற சொல்லை டெங்கு நமக்கு நன்றாகவே பழக்கிவிட்டது. ‘அண்ணனுக்கு நாற்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் போனில் பேசாத குடும்பம் குறைவு. பாடப் புத்தகத்தில் தட்டணுக்கள் என்று படித்திருப்பீர்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவந்து அடைப்பவை இவைதான். அடைத்ததும் தங்களுக்குள் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் சில புரதங்களையும் அங்கே கொட்டுகின்றன. புது ரத்தக்குழாய் முளைக்கவும் செல்கள் பெருகவும் அவை தூண்டுகோல். காயத்தை ஆற்றும் சரக்கு தூங்குகிற முடிவேரையும் தட்டி எழுப்பாதா என்ற யோசனைதான் பி.ஆர்.பி.

செய்முறை ரொம்ப எளிது. கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுப்போம். உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுழலவிடுவோம். (எங்கள் பழைய மெஷின் சுற்ற ஆரம்பித்தால் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ‘மாவாட்டுறீங்களா டாக்டர்?’ என்பார்கள்.) சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே கடலை எண்ணெய் நிறத்தில் தெளிந்து நிற்பது பிளாஸ்மா. அதை மறுபடி ஒரு சுற்று விட்டு, பிளேட்லெட் செறிந்த அடிப்பகுதியை மட்டும் எடுத்து, மெல்லிய ஊசியால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மண்டை முழுக்கப் போட வேண்டும். மரப்பு மருந்து போட்டாலும் நெற்றியோரம் வலிக்கும், ‘வலிக்கவே வலிக்காது’ என்றால் நம்பாதீர்கள். இரண்டு நாள் தலை பாரமாக இருக்கும், சிலருக்கு நெற்றி வீங்கிக் கண் இமை வரை இறங்கும். பயப்பட ஒன்றுமில்லை. மாதம் ஒன்றாக மூன்று நான்கு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு.

பலன்? இத்தாலியில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வழுக்கை விழ ஆரம்பித்த 20 ஆண்களை எடுத்து, ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பாதிக்கு பி.ஆர்.பி., மறு பாதிக்கு வெறும் உப்புநீர். எந்தப் பக்கம் எது என்று பலனை மதிப்பிட்டவர்களுக்குத் தெரியாது. மூன்று முறைக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது, மருந்து போன பாதியில் சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 46 முடி கூடியிருந்தது. உப்புநீர்ப் பக்கம் அப்படி இல்லை. ஒரே தலை, ஒரே அப்பா, ஒரே தாய்மாமா, இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. ஆனால் அதே ஆய்வின் பின்பகுதியையும் படிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் போனதும் நாலு பேருக்கு முடி மறுபடி கொட்ட ஆரம்பித்தது, அவர்களுக்கு மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று.

ஏன் கொட்டியது? உங்கள் வழுக்கைக்குக் காரணம் டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோன். தாடியைத் தடிக்க வைக்கிற அதே சரக்கு, பரம்பரையாக ஒத்துக்கொள்ளாத தலையில் முடிவேரைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, கடைசியில் கன்னத்தில் இருக்கிற பூனைமுடி மாதிரி ஆகிவிடும். பி.ஆர்.பி. அந்த ஹார்மோனைத் தொடுவதே இல்லை. மாடு இறங்கி மேய்கிற வயலில் உரம் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? முதலில் வேலி.

வேலி என்றால் இரண்டு மருந்து. ஒன்று மினாக்சிடில். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஒப்புதல் கிடைத்தது. ஆரம்பித்த சில வாரத்தில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், நிறுத்தாதீர்கள். பழைய முடி புதுசுக்கு இடம் விடுகிறது. இன்னொன்று ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, 1997-லிருந்து ஆண்களின் வழுக்கைக்குப் பயன்படுகிறது. டி.எச்.டி.யைக் குறைப்பது இதுதான். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், சிலருக்கு மனச்சோர்வு வரலாம், விந்தணுவிலும் மாற்றம் வரலாம். கல்யாணமாகப் போகிறவர் இதை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் சமாச்சாரம் இல்லை. இரண்டு மருந்தையும் நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலியோடு சேர்த்து பி.ஆர்.பி. போட்டால் உங்கள் வயதில், உங்கள் கட்டத்தில், பலன் பார்த்திருக்கிறேன். ‘பழைய முடி திரும்பாது, மெலிந்தது கொஞ்சம் தடிக்கும், கொட்டுவது குறையும்’ என்று எழுதிக் கொடுக்கிற இடமாகப் பாருங்கள். உங்கள் மாவட்டத்திலேயே நல்ல தோல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆறு முறைக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கட்டினால் நிறுத்தும் உரிமை உங்கள் கையில் இருக்கும்.

ஊசி, குழாய் எல்லாம் உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். குழாயில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இது சந்தேகப் புத்தி இல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் இதே பிளாஸ்மாவை முகத்தில் போட்டுக்கொண்ட பெண்கள் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அங்கே சோதனை போட்டபோது பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடையில் கிடந்தன, ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு சேர்ந்து இருந்தன. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் இதை விவரமாக வெளியிட்டது. நம் ரத்தம் நமக்கு ஆபத்தில்லை, அடுத்தவர் ரத்தம் கலந்தால்தான் ஆபத்து.

தை மாதத்துக்கு வருகிறேன். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எந்தச் சிகிச்சையானாலும் கண்ணுக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும். கல்யாண போட்டோவில் பெரிய வித்தியாசம் இருக்காது. பெண் வீட்டார் உங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தானே தட்டு மாற்றினார்கள்?

*

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். தலை சீவினால் சீப்பு நிறைய வருகிறது, குளித்தால் சாக்கடை அடைக்கிறது. ‘குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்’ என்கிறார் மாமியார். பார்லர் அக்கா, பி.ஆர்.பி. போட ஆள் வருவார், நாலு முறை போட்டால் நின்றுவிடும் என்கிறார். தாய்ப்பால் கொடுக்கிறேன், போடலாமா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கணக்கு அச்சு அசலாகச் சரி. பழி மட்டும் குழந்தையின் சிரிப்பு மேல் விழுந்துவிட்டது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் தயவால், உதிர வேண்டிய முடி உதிராமல் தங்கிவிடும். ஏழாம் மாதம் வளைகாப்பில் ஜடை கனமாக இருந்திருக்குமே! பிரசவமானதும் அந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போகும். ஓய்வுக்காலம் ஏறக்குறைய மூன்று மாதம், அது முடிந்ததும் கொத்தாக விழும். குழந்தை முகம் பார்ப்பதும் அப்போதுதான். டெங்கு, டைஃபாய்டு, பெரிய ஆபரேஷன், பட்டினி டயட், எதற்குப் பிறகும் இதே மூன்று மாதக் கணக்குத்தான்.

வேர் சாகவில்லை, அதனால் ஊசி வேண்டாம். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். நெற்றியோரம் குச்சி குச்சியாகக் குட்டை முடி எழுந்து நின்றால் அதுதான் நல்ல செய்தி, எண்ணெய் வைத்துப் படிய வைக்கப் போராட வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால் கட்டாயம். முருங்கைக்கீரையும் முட்டையும் சாப்பிடுங்கள். பத்தியம் என்று உங்களுக்கு வெறும் ரசச் சோறு போடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பார்லரில் ரத்தம் எடுப்பது பற்றி மேலே தம்பிக்கு எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கதை ஒன்று. 2006-ல் சிக்குன்குனியா ஊரையே முடக்கியபோது எனக்கும் வந்தது. மூட்டுவலி அடங்கி, அப்பாடா என்று நிமிர்ந்தபோது முடி கொட்ட ஆரம்பித்தது. தோல் மருத்துவம் படித்தவள், காரணம் தெரியும், திரும்பி வரும் என்றும் தெரியும். ஆனாலும் குளியலறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 214. (ஒரு நாளைக்கு நூறு வரை போகலாம் என்று அன்று காலையில்தான் ஒரு நோயாளிக்குச் சொல்லியிருந்தேன்.) ஒன்றும் செய்யவில்லை, அடுத்த வருடம் பழையபடி ஆகிவிட்டது. அப்போது மட்டும் என் கையில் பி.ஆர்.பி. இருந்திருந்தால் நானே போட்டுக்கொண்டு, ‘இதனால்தான் வந்தது’ என்று மீனாட்சி சன்னதியில் சத்தியம் செய்திருப்பேன். இன்றைக்கு விளம்பரங்களில் வருகிற ‘முன்’, ‘பின்’ படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். தானாக வந்திருக்க வேண்டிய முடி எத்தனை, ஊசியால் வந்தது எத்தனை?

*

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகனுக்குப் பின்மண்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்க்கிறோம். எரிகிறது என்று அழுகிறான். பி.ஆர்.பி. போடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் காவல்படையே முடிவேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, அவ்வளவுதான். தலையணையை வெயிலில் காயவைத்துப் புழு தேட வேண்டாம், நண்பர்களுக்கும் ஒட்டாது.

வெங்காய வைத்தியத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ஈராக்கில் 2002-ல் புழுவெட்டுக்காரர்கள் 23 பேருக்கு தினமும் இரண்டு வேளை வெங்காயச் சாறு தடவிப் பார்த்தார்கள், ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது. ஆனால் சிறிய ஆய்வு. ஒற்றைத் திட்டுப் புழுவெட்டு ஒன்றும் செய்யாமலே பலருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பையன் அழும் அளவுக்குத் தேய்த்தால் தோல் புண்ணாகும், நிறுத்திவிடுங்கள்.

பி.ஆர்.பி. இதற்கு முதல் மருந்து இல்லை. தடவும் ஸ்டீராய்டு, அல்லது திட்டுக்குள்ளேயே போடும் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, இரண்டும் விலை குறைவு, பழகிய மருந்து. திட்டுகள் பெருகினாலோ புருவம் உதிர்ந்தாலோ உடனே தோல் மருத்துவரிடம் போங்கள்.

*

கேள்வி: வயது 61. பதினைந்து வருடமாக முழு வழுக்கை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறேன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். பேரன் கேலி செய்கிறான். பி.ஆர்.பி. போட்டால் வருமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வராது ஐயா. பளபளவென்று ஆன இடத்தில் எழுப்புவதற்கு வேரே இல்லை. அந்த மாத்திரை வேலை செய்வதே பிளேட்லெட்டை முடக்கித்தான், ஆகையால் உங்கள் ரத்தம் இதற்கு உதவாது. ‘ஊசிக்காக ஒரு வாரம் மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். வெயிலில் போகும்போது தொப்பி போடுங்கள். பேரனுக்கு இருபத்தைந்து வயதாகட்டும், பார்க்கலாம்.

*

கேள்வி: போர் தண்ணீரால்தான் முடி கொட்டுகிறதா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நடுவில் ஒடியும். வேரை அது ஒன்றும் செய்யாது. ஹெல்மெட்டும் அப்படித்தான், தயவுசெய்து அதைக் கழற்றாதீர்கள்.

*

கேள்வி: வயது 41, சென்னையில் பள்ளி ஆசிரியை. வகிடு அகலமாகிக்கொண்டே வந்தது. ஒரு கிளினிக்கில் நாலு முறை பி.ஆர்.பி. போட்டேன், 26,000 ரூபாய் செலவு. ஒரு வித்தியாசமும் இல்லை. கேட்டால், ‘போடாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்’ என்கிறார்கள். நீங்களும் இதைப் போடுகிறவர்தானே, மனசாட்சியோடு சொல்லுங்கள், ஏமாந்துவிட்டேனா? (வாசகி, சென்னை)

பதில்: ‘போடாவிட்டால் மோசமாகியிருக்கும்’ என்பதைப் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது, உண்மை என்று காட்டவும் முடியாது. அதனால்தான் அந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை.

மனசாட்சியோடு கேட்டீர்கள், சொல்கிறேன். நான் ஆரம்பித்த முதல் வருடம் ஒரே சுற்றில் பிரிக்கும் விலை மலிவான குழாய்களை வாங்கினேன். விற்க வந்தவர் காட்டிய படங்களை நம்பினேன். ஏழெட்டு மாதம் போட்டும், சிரித்துக்கொண்டு திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. ஒருநாள் சந்தேகம் வந்து, ஒரே நபரின் ரத்தத்தையும் அதிலிருந்து பிரித்த பிளாஸ்மாவையும் பக்கத்து லேபுக்கு அனுப்பி எண்ணச் சொன்னேன். ரத்தத்தில் 2.4 லட்சம், நான் ‘செறிவு’ என்று நினைத்துத் தலையில் ஏற்றியதில் 3.1 லட்சம். ஏறக்குறைய 10 லட்சம் இருக்க வேண்டிய இடத்தில்! காசு வாங்கிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறேன். அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, முதல் நாளே எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவள் நான்தான். அதன் பிறகு இரண்டு சுற்று முறைக்கு மாறினேன். இப்போதும் அவ்வப்போது லேபுக்கு அனுப்பி எண்ணுகிறேன்.

பி.ஆர்.பி.யின் பெரிய சிக்கலே இதுதான். மாத்திரை என்றால் 1 மில்லிகிராம் எங்கும் 1 மில்லிகிராம். இதில் ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு சமையல். அதனால் ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 2016-ல் வகிடு அகலும் பெண்கள் 26 பேரை வைத்து நடந்த ஆய்வில், முடியை எண்ணிப் பார்த்தபோது பி.ஆர்.பி.க்கும் உப்புநீருக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே ஒரு முறைதான் போட்டார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு, அதுவும் நியாயமே. ஆனால் என் அனுபவத்திலும் இளம் ஆண்களுக்குக் கிடைப்பது போலப் பெண்களுக்கு நிச்சயமாகக் கிடைப்பதில்லை. சிலருக்கு நன்றாகவே கிடைக்கிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முதல் நாள் ஒரே நாற்காலியில், ஒரே விளக்கடியில், உலர்ந்த முடியில் நடு வகிடு எடுத்துப் படம் பிடிப்பேன். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வேன். மூன்று முறை முடிந்து மறுபடி அதே நாற்காலி. வித்தியாசம் இல்லையென்றால் நானே நிறுத்தச் சொல்லிவிடுவேன். உங்களுக்கு அப்படி ஒரு படமாவது எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால், பலன் இருந்ததா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது.

நாலு முறைக்கு மேல் போக வேண்டாம். தைராய்டு, ஃபெரிட்டின் பார்த்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பதும் இல்லை, 41 வயதில் அது முக்கியம். பார்த்துவிட்டு மினாக்சிடில் தொடங்குங்கள், குறைந்தது ஆறு மாதம் விடாமல். வகிட்டை இடம் மாற்றி எடுங்கள், கொண்டையை இழுத்து முடியாதீர்கள்.

அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் ஒரு பழைய போட்டோ கொண்டுபோங்கள், எவ்வளவு வேகமாக மெலிந்தது என்பது அதில்தான் தெரியும். கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும்போது நீங்கள் குனிந்திருக்கும் படம் எப்படியும் ஒன்று இருக்கும். நெற்றிச்சுட்டி வகிட்டை மறைக்காததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.